குழாயடியில் சொன்ன மறதி

மறதிச் சீக்கு வந்தவ எழுதுனத நம்பிப் படிக்கலாமான்னு நீங்க கேட்டா, நியாயமான கேள்விதான். அதுக்குத்தான் காலையில மட்டும் எழுதுதேன். காலையில என் தலை தெளிவா இருக்கும், பொழுது சாயச் சாய மங்கிரும். எழுதி முடிச்சதும் என் வீட்டுக்காரர் வாசிச்சுப் பாப்பாவ. "ஏளா, இது இப்படி நடக்கல"ன்னு எங்கயாவது சொன்னாவன்னா அதையும் சேத்தே எழுதிருவேன். அவியளுக்கும் ஒண்ணும் பெரிய ஞாபகம் கெடையாது. ஆனா அவியளோட மறதிக்கு ஆஸ்பத்திரியில பேரு வெக்கல, என்னோடதுக்கு வெச்சுட்டாவ. அவ்வளவுதான் வித்தியாசம்.

எம்பேரு பேச்சியம்மாள். பொறந்தது, முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சது, வாக்கப்பட்டது எல்லாம் தாராவியிலதான். வீட்டுக்காரர் பேரு தங்கராஜ். புருஷன் பேர வாயால சொல்லக்கூடாது, எழுதலாம்ல? எழுதிட்டேன். இனிமே 'இவிய'ன்னே எழுதுதேன். எங்க தொழில் இட்லி. ஒத்த ரூம்பு வீடு, இங்க அதைக் கோலின்னு சொல்லுவாவ. அதுல பாதி இட்லிக் கொப்பரைக்கு, பாதி எங்களுக்கு. விடியுமுன்ன நான் அவிச்சு எடுத்தா, இவிய பெரிய அலுமினிய டப்பாவ சைக்கிள்ல கட்டி, ஹாரன அமுக்கிக்கிட்டு மாட்டுங்கா, சயான் பக்கம் போய் வித்துட்டு வருவாவ. ஒரே மகன் சதீஷ். ஐரோலியில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை, குடும்பத்தோட கோபர்கைரனேயில இருக்கான்.

சீக்கு எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேட்டப்ப எனக்குச் சொல்லத் தெரியல. மறதி வந்த தேதிய எப்படி ஞாபகம் வெச்சுக்கிட? ஆனா ஒரு சாயங்காலம் நல்லா நெனவு இருக்கு. இட்லித் தட்டுக்குப் போட வெள்ளத்துணி வாங்க சயான் போயிட்டு, நடந்து வீட்டுக்கு வாரேன். வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நடந்த ரோடு. நடுவுல வந்ததும் கால் நின்னு போச்சு. சுத்திப் பாக்கேன், எல்லாக் கடையும் தெரியுது. அந்தா மருந்துக் கடை. இந்தா பெல்ட்டு விக்கிற பாய் கடை. பேரு தெரியுது, மொகம் தெரியுது. ஆனா எந்தக் கடைக்கு அடுத்தது எந்தக் கடை, எங்க கல்லிக்கு, அதாவது எங்க தெருவுக்கு, எந்தச் சந்துல திரும்பணும், அது மட்டும் இல்ல. மாலையில உள்ள பூவெல்லாம் கீழ கெடக்கு, நாரைக் காணும். அப்படி இருந்துச்சு.

பயம் ரெண்டாவதாத்தான் வந்துச்சு. மொதல்ல வந்தது ஆச்சரியம். 'எம்மா, இது என்ன கூத்து?'ன்னு எனக்கு நானே கேட்டுக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி நின்னு வேடிக்கை பாத்தேன். பெறவுதான் பயந்து துணிப் பொட்டலத்த நெஞ்சோட சேத்துப் பிடிச்சேன். என்னையத் தங்கச்சின்னே கூப்பிடுற பெல்ட்டுக் கடை பாய் பாத்துட்டு, "என்ன பஹன், வீட்டுக்குப் போகலியா?"ன்னு கேட்டாரு. பொட்டலத்த அவர்கிட்ட நீட்டுனேன். அவரே கடைய இன்னொருத்தர்ட்ட ஒப்படைச்சுட்டு எங்க கோலி வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. அவர் போனதும் இவியளுக்கு மொகம் செத்துப் போச்சு.

அதுக்கு முன்னாலயும் சின்னச் சின்னதா நடந்துருக்கும்போல. கொப்பரையில தண்ணி ஊத்தாம அடுப்ப மூட்டிருக்கேன், மாவுல ரெண்டு தடவை உப்புப் போட்டிருக்கேன். இவிய ஒண்ணும் சொல்லாம, கரிச்ச இட்லியத் தூரக் கொட்டிட்டு வாடிக்கைக்காரங்கட்ட, "இன்னைக்கு அரிசி சரியில்ல"ன்னு சொல்லிட்டு வந்திருக்காவ. எனக்கு இதெல்லாம் பெறவுதான் தெரியும்.

அந்த ஞாயித்துக்கிழமை மகன் வந்தான். வந்தவன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல, அவன் அப்பாகிட்டதான் பேசுனான்.

"அப்பா, அம்மாவ ஊருக்கு அனுப்பிருவோம். நல்ல காத்து, நல்ல தண்ணி. இங்க உள்ள சத்தத்துக்கு எவனுக்குத்தான் தலை சுத்தாது?"

எங்க ஆளுகளப் பத்தி ஒண்ணு சொல்லணும். தாராவியில உள்ள திருநெல்வேலிக்காரங்களுக்கு எல்லாச் சீக்குக்கும் ஒரே மருந்து, ஊரு. காமாலை வந்தா ஊரு. கால் ஒடிஞ்சா ஊரு. பொம்பளப் பிள்ளை எவனையோ பாத்துச் சிரிச்சுட்டாளா, அன்னைக்கே டிக்கெட் எடுத்து ஊரு. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னால ரயில் ஸ்டேஷனுக்குப் போயிருவோம். நாங்களும் வள்ளியூர் பக்கத்துல ஒரு வீடு கட்டிப் போட்டிருக்கோம். அங்க எங்க நாத்தனா இருக்கா. நான் அந்த ஊருக்குக் கோயில் கொடை, திருவிழான்னு போயிருக்கேன், அவ்வளவுதான். அது இவியளுக்குத்தான் ஊரு. எனக்கு எது ஊருன்னு யாரும் கேக்கல, நானும் வாயத் தொறக்கல. சொன்னா எடுபடாதுன்னு இருந்துட்டேன்.

என்னைய மட்டும் அங்க கொண்டு போய் விட்டதும்தான் கோட்டி பிடிச்ச மாதிரி ஆச்சு. எங்க பக்கத்துல பைத்தியத்தக் கோட்டின்னுதான் சொல்லுவோம். கோலியில ஒரே கதவு, எந்தப் பக்கம் திரும்புனாலும் அதுதான் வாசல். இந்த வீட்டுல எத்தனை கதவு! பாத்ரூமுன்னு நெனச்சு பீரோவத் தொறந்தேன். வெளிய போறேன்னு அரிசி மூட்டை வெச்ச அறைக்குள்ள போய் நின்னேன். தாராவியில எனக்குக் கடிகாரமே வேண்டாம். தண்ணி மோட்டார் சத்தம் கேட்டா விடியப் போவுது, பள்ளிக்கூட மணி அடிச்சா இவிய திரும்புற நேரம், பள்ளிவாசல் பாங்கு கேட்டா அடுத்த வேலை. வள்ளியூர்ல ஒரு சத்தமும் கெடையாது. பகல் எங்க முடியுது, என்ன வேளைன்னு ஒரு அடையாளமும் இல்ல. கையில வேலையும் இல்ல. உளுந்துல கை வெச்சாக்கூட நாத்தனா, "நீங்க இரிங்க மதினி, நான் பாத்துக்கிடுதேன்"ம்பா. தங்கமானவ. அவளக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா இரி இரின்னு சொல்லியே என்னைய ஒரு மூட்டையாக்கிட்டா.

பம்பாயில தெனமும் போட்ட பிரஷர் மாத்திரையும் நின்னு போச்சு. "நம்ம ஊர்க் காத்துக்கு பிரஷர் எங்க வரும்? கஷாயம் குடிங்க"ன்னா நாத்தனா. நானும் குடிச்சேன். ஒருநாள் காலையில கொடத்த எடுத்துக்கிட்டு குழாய் வரிசையத் தேடிக் கெளம்பிட்டேன். அந்த வீட்டுக்குள்ளயே குழாய் இருக்கு, எனக்கு வரிசைதான் வேணும்போல. ஹைரோட்டுல கொடத்தோட போனவள யாரோ பாத்துக் கூட்டியாந்தாவ. ரெண்டு நாள் கழிச்சு நாக்கு கொழறுச்சு, வாய் லேசா ஒரு பக்கம் போச்சு. அங்க உள்ள ஆஸ்பத்திரியில ஊசி போட்டு நிறுத்தி வெச்சாவ. இவிய பம்பாயில இருந்து ஓடியாந்தாவ. என்னையப் பாத்ததும் கேட்ட மொதல் கேள்வி, "ஏளா, என்னையத் தெரியுதா?"

"தெரியாம என்ன? ஹாரன் எங்க?"ன்னேன். இவிய அழுதுட்டாவ.

கொஞ்சம் தேறுனதும் ரயிலேத்திக் கொண்டாந்து, பம்பாயில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேத்தாவ. பொம்பளைக வார்டு. என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் குஜராத்திக்காரி, அந்தப் பக்கம் பீகார்க்காரி. மூணு பேரும் இந்தியில மருமகள்களப் பத்திப் பேசிக்கிட்டோம். ராத்திரிதான் கஷ்டம். லைட்ட அணைச்சதும் எங்க இருக்கோம்னு விட்டுப் போயிரும். அதுக்கு இவிய ஒரு காரியம் செஞ்சாவ. ஆம்பளைக உள்ள தங்கக்கூடாது, அதனால வீட்டுல நான் தலையணை மேல விரிக்கிற பழைய லுங்கித் துணியக் கொண்டாந்து விரிச்சுட்டுப் போனாவ. அந்த வாசம் வந்தா மனசு தணிஞ்சுரும். பகல்ல வந்து தலை சீவி விடுவாவ. கல்யாணம் முடிஞ்சு இத்தனை வருஷத்துல ஒருநாள் என் தலையத் தொட்டதில்ல. வகிடு கோணல் மாணலாத்தான் எடுப்பாவ. அந்த பீகார்க்காரி பாத்துப் பாத்துச் சிரிப்பா. சாப்பிட வேற யாரோ சுட்ட இட்லிய வாங்கிட்டு வந்தாவ. கல்லு. மறதி வந்தாலும் நாக்குக்கு வரலயே, என்ன செய்ய!

என்னையப் பாத்தது ஒரு டாக்டரம்மா, மராத்திக்காரவிய. எங்கிட்ட இந்தியில பேசுவாவ, மௌசின்னு கூப்பிடுவாவ. அவிய பாஷையில சித்தின்னு அர்த்தம். எனக்குக் கேள்வி கேக்குற ஆள்னா பிடிக்கும், அவியளுக்கும் அப்படித்தான்போல. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாவ.

ரத்தம் நெறைய எடுத்தாவ. "எதுக்கு இத்தனை குப்பி, வித்துருவியளா?"ன்னேன். சிரிச்சுட்டு விளக்கமாச் சொன்னாவ. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்காம், அது சோம்பேறியானாலும் மறதி வரும். பி-12ன்னு ஒரு சத்து கொறஞ்சாலும் வரும். அதெல்லாம் மாத்திரையில சரியாகுற மறதி. அந்த மறதியா இருந்தா நாம தப்பிச்சோம், அதனால மொதல்ல அதைத் தேடுதோம்னாவ. நான் ஊர்ல உள்ள எல்லாச் சாமியையும் கும்பிட்டு, சத்துக் கொறவாவே இருக்கட்டும்னு வேண்டுனேன். ரிசல்ட்டு வந்துச்சு. தைராய்டும் நல்லா இருக்கு, சத்தும் இருக்கு. நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு அழுத மொதல் ஆள் நானாத்தான் இருக்கும்.

காதையும் சோதிச்சாவ. எனக்கு எடது காது மந்தம்னு அன்னைக்குத்தான் தெரியும். மறதிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்னேன். பேச்சு சரியாக் கேக்காதவங்க பேசுறதக் கொறைச்சுக்கிடுவாவ, தனியா ஒதுங்கிருவாவ, மூளைக்கு வேலை கொறையும், அது மறதியச் சீக்கிரம் கூட்டியாந்துரும்னாவ. நெனச்சுப் பாத்தா நெசந்தான். கொஞ்ச நாளாவே குழாயடியில பேச்சு எனக்குப் பாதிதான் காதுல விழுந்துச்சு. மீதிய மொகத்தப் பாத்துச் சிரிச்சுச் சமாளிச்சிருக்கேன்.

தலைய ஸ்கேன் எடுக்க வெளிய ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனான் மகன். காத்திருக்கிற எடத்துல அவன் என் செருப்ப மடியில வெச்சுக்கிட்டு இருந்தான். உள்ள படுத்ததும் ஒரு குழாய்க்குள்ள தள்ளிவிட்டாவ. டமடமன்னு சத்தம் வரும், பயப்படாதியன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. எங்க கோலிக்குப் பின்னால பழைய பிளாஸ்டிக்க உடைக்கிற மெஷின் ஓடும். அதைக் கேட்டே வளந்தவ நான். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுல இருக்கிற மாதிரி ஆகி, அசந்து தூங்கிட்டேன். வெளிய இழுத்து எழுப்புனாவ. பில்ல வாங்குன மகன் மடிச்சு சட்டைப் பையில வெச்சான். எவ்வளவுடேன்னேன். "வா, டீ குடிப்போம்"னான்.

ஆனா என்னைய அசைச்சது மெஷினு இல்ல, ஒரு மேசையும் ஒரு பேப்பரும். டாக்டரம்மா எதிர்ல உக்காந்து மூணு சொல்லு சொன்னாவ. மாம்பழம், குடை, ரயில். ஞாபகம் வெச்சுக்கோங்க, பெறவு கேப்பேன்னாவ. நடுவுல வேற என்னென்னமோ பேசிட்டு, இப்ப சொல்லுங்கன்னாவ. குடை வந்துச்சு. மத்தது வரல. மத்தது இருந்த எடம்கூடத் தெரியல. கடிகாரம் வரையச் சொன்னாவ. வட்டம் போட்டு நம்பரு எல்லாத்தையும் எழுதி நிமிந்து பாக்கேன், எல்லா நம்பரும் ஒரே பக்கமா நெருக்கியடிச்சு நிக்குது, தண்ணி லாரி வந்ததும் சனம் முட்டுற மாதிரி. நான்தான் வரைஞ்சேன். ஆனா அது கோணல்னு வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியல. இது எனக்கு ரொம்ப விசித்திரமா இருந்துச்சு. தப்பு செய்யிற கையும் நாம, பாக்குற கண்ணும் நாம, நடுவுல யாரு இல்லாமப் போனா?

"சரி மௌசி, இட்லி எப்படிச் செய்வீங்க, வரிசையாச் சொல்லுங்க"ன்னாவ. எனக்கு உயிர் வந்துச்சு. இதுல எவ என்னையத் தோக்கடிக்க முடியும்? அரிசியக் களையணும்னு ஆரம்பிச்சு, அரைச்சு, உப்புப் போட்டு, புளிக்க வெச்சு, தட்டுல ஊத்தி, கொப்பரையில வெச்சு எறக்கிட்டேன். பக்கத்துல நின்ன இவிய மொகம் ஒரு மாதிரி ஆச்சு. "என்ன?"ன்னேன்.

"உளுந்து..."ன்னாவ.

உளுந்து போடவே இல்ல நான். அரிசி மாவ மட்டும் புளிக்க வெச்சு எறக்கிருக்கேன். கடிகாரத்துக்கு நான் அழல. இதுக்கு அழுதேன். சின்ன வயசுல இருந்து செய்த வேலை, அதுல இருந்து ஒரு துண்ட எவனோ உருவிட்டுப் போயிட்டான், எனக்குத் தெரியாமயே. அன்னைக்குத்தான் நெசமாப் பயந்தேன்.

மறுநாள் எல்லாரையும் உக்கார வெச்சு டாக்டரம்மா சொன்னாவ. டிமென்ஷியா. அது ஒரு சீக்கு பேரு இல்லியாம். காய்ச்சல்னு சொன்னா பின்னால மலேரியாவும் இருக்கலாம், டைபாய்டும் இருக்கலாம், அந்த மாதிரி இது பல சீக்குக்குப் பொதுப்பேரு. எனக்கு வந்தது ரத்தக் குழாயால வந்தது. மூளைக்குள்ள நூல் மாதிரி குழாய்க இருக்கு, பல வருஷ பிரஷர்ல அதுல சிலது அடைச்சுப் போச்சு, அடைச்ச எடத்துல மூளை பட்டுப் போச்சு. ஸ்கேன்ல வெள்ளப் புள்ளியாக் காட்டுனாவ. மாவுல விழுந்த தண்ணித் துளி மாதிரி அங்கங்க இருந்துச்சு. போனது திரும்ப வராது. ஆனா இன்னும் போகாமப் பாத்துக்கிடலாம். பிரஷர், சர்க்கரை ரெண்டையும் பிடிச்சு வெக்கணும். காதுக்கு மெஷின் போடணும். நடக்கணும், நாலு பேர்கிட்டப் பேசணும், தெரிஞ்ச வேலைய விடக்கூடாது.

"அப்ப ஊருக்கு..."ன்னு ஆரம்பிச்சான் மகன்.

"எந்த ஊருக்கு?"ன்னாவ டாக்டரம்மா. "அங்க போய்த்தான இப்படி ஆச்சு? புது எடத்துல ஒவ்வொரு கதவையும் புதுசாப் படிக்கணும். இவங்களுக்கு அது முடியாது. அந்தக் கல்லியில யோசிக்காமலே கால் போகும். அங்கயே இருக்கட்டும்."

"கல்லியில தொலைஞ்சு போனாத்தான மேடம் இதெல்லாம்..."

"தொலைஞ்சப்ப யாரு கொண்டாந்து விட்டா?"

 டாக்டரம்மா எங்கிட்டத் திரும்புனாவ. எல்லா நாட்டு ஆளுகளும் கூடி இதைப் பத்திப் பேசிட்டுத்தான் இருக்காங்க மௌசி, இது மாத்திரையால மட்டும் முடியுற காரியம் இல்ல, பள்ளிக்கூடம், சாப்பாடு, காது, பக்கத்து வீடு எல்லாம் இதுல சேத்திங்கிறாங்க, ஆஸ்பத்திரிக்கு வரதுக்கு முன்னாலயே வீதியில வேலை நடக்கணும்ங்கிறாங்கன்னாவ. எனக்கு போலியோ சொட்டு ஞாபகம் வந்துச்சு. தோள்ல ஐஸ் பெட்டிய மாட்டிக்கிட்டு பொம்பளைக கல்லி கல்லியா வருவாவளே, கதவுல சாக்பீஸால அடையாளம் போட்டுட்டுப் போவாவளே.

"அது மாதிரி இதுக்கும் வீடு வீடாப் போனா என்ன?"ன்னேன்.

"போகணும். ஆனா போலியோக்குக் கதவத் தொறப்பாங்க. இதுக்குத் தொறக்க மாட்டாங்க, மறைப்பாங்க"ன்னாவ. "நீங்க அங்க இருக்கணும்னா ஒண்ணு செய்யணும். சுத்தி உள்ளவங்களுக்கு விஷயம் தெரியணும். மறைச்சு வெச்சா யாரு உங்களக் கொண்டாந்து விடுவா?"

வீட்டுக்கு வந்ததும் அதுக்குத்தான் சண்டை. இவிய ஒரே பிடியா நின்னாவ. "நீ இங்கயே இரி, நான் பாத்துக்கிடுதேன். ஆனா வெளிய மூச்சு விடக்கூடாது. கோட்டிக்காரி சுட்ட இட்லின்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? என்னத்தக் கலந்தாளோன்னு பேசுவான். கை கால் வெச்சுப் பேசுற ஊரு இது."

"நான் கோட்டிக்காரியா?"

"நான் சொல்லலளா, சனம் சொல்லும்."

இவிய சொல்றதும் தப்புன்னு சொல்ல முடியாது. அந்த இட்லி எங்களுக்குச் சோறு மட்டும் இல்ல, கல்லியில எங்க பேரே அதுதான். அது போச்சுன்னா நாங்க யாரு? மகனும் அவன் பங்குக்கு, "பேசாம எங்ககூட வந்துரும்மா, பன்னெண்டாவது மாடி, லிப்ட் இருக்கு"ன்னான். லிப்ட்டுக்குள்ள நான் எந்தப் பொத்தான அமுக்குவேன்? பன்னெண்டாவது மாடியில என்னைய யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் இப்படியே போச்சு. ஒருநாள் தனியாக் கக்கூஸுக்குப் போயிட்டு வாரப்ப எங்க கல்லி முக்குல நின்னு, எடதா வலதான்னு கொஞ்ச நேரம் தெரியாமப் போச்சு. எதுத்தாப்புல ரெண்டு பேரு நின்னாவ. கேட்டிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு, கேக்கல. அப்பதான் புரிஞ்சுது. மறைச்சு வெச்சா என்னைய நானே தொலைச்சுருவேன்.

அடுத்த நாள் காலையில குழாயடிக்கு நானே கொடத்த எடுத்துட்டுப் போனேன். தண்ணி வர்ற நேரம், கல்லியில உள்ள பொம்பளைக எல்லாம் நிக்காவ. காதுல புது மெஷின் வேற, எல்லார் பேச்சும் கணகணன்னு கேக்குது.  வரிசையில கொடத்த வெச்சுட்டு சத்தமாவே சொன்னேன்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு டிமென்ஷியான்னு ஒரு சீக்கு. மூளையில ரத்தக் குழாய் அடைச்சு மறதி வந்திருக்கு. ஒட்டாது, தொத்தாது. வழி தெரியாம எங்கயாவது நின்னேன்னா கையப் பிடிச்சு வீட்டுல விட்டுருங்க. சொன்னதையே திரும்பச் சொன்னேன்னா பொறுத்துக்கோங்க. ஆனா கோட்டின்னு எவளாவது சொன்னா செவிட்டுல ஒண்ணு விடுவேன். கேட்டா, மறந்துட்டேன்னு சொல்லிருவேன்."

யாரும் சிரிக்கல.  பெறவு ஒருத்தி மெதுவா, "அப்ப இட்லி எப்படிக்கா?"ன்னா.

"மாவும் உப்பும் இப்ப இவிய பொறுப்பு. அவிக்கிறது நான், பக்கத்துல இவிய நிப்பாவ. நம்பிக்கை இருந்தா வாங்கு, இல்லன்னா போ"ன்னேன். நெஜத்தச் சொல்லணும், அடுத்த வாரத்துல கல்லியில ரெண்டு வீட்டுல வாங்குறத நிறுத்திட்டாவ. அது வலிக்கத்தான் செஞ்சுது. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அன்னைக்குக் கூட்டம் கலைஞ்சதும் முத்துலட்சுமி மட்டும் போகாம நின்னா. எங்க கோலியில இருந்து நாலு வீடு தள்ளி, மாடிக் கோலி அவளுக்கு. புருஷன் டிரைவரு, வாரத்துக்கு ஒருக்காதான் வீட்டுக்கு வருவான். இவ செம்பூர்ல ரெண்டு வீட்டுல சமைக்கப் போறா. கொடம் நெறைஞ்சு வழியுது, அவ பாக்கல.

"யக்கா"ன்னா. "எங்க அத்தை ஊருக்குப் போகலக்கா."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவ மாமியாவ ஊருக்கு அனுப்பியாச்சுன்னு கல்லி முழுக்கத் தெரியும். நாங்களும் கேட்டுட்டு, நல்லதுதான், ஊர்க் காத்துல தேறிருவாவன்னு சொல்லிட்டு அவிய அவிய வேலையப் பாத்தோம்.

"மேலதான் இருக்காவ. எறங்கி எறங்கி ரோட்டுக்குப் போயிருதாவ. ஒருநாள் லாரிக்கு அடியில போகப் பாத்தாவ. நான் வேலைக்குப் போகணும்லக்கா? பூட்டிட்டுப் போறேன். ஊருக்கு அனுப்பிட்டேன்னு சொன்னா யாரும் திரும்பக் கேக்க மாட்டாங்க."

அவளத் திட்டணும்னுதான் வாயத் தொறந்தேன். அவ மொகத்தப் பாத்ததும் என் கொடத்த ஓரமா வெச்சுட்டு, "நட"ன்னேன்.

இரும்பு ஏணியில ஏறி, பூட்டத் தொறந்தா. ஜன்னல் சாத்திக் கெடந்துச்சு. பாயில அவிய உக்காந்திருந்தாவ. முடிய ஒட்ட வெட்டிருந்துச்சு, ஆனா எடம் சுத்தமா இருந்துச்சு, பக்கத்துல தண்ணியும் பிஸ்கட்டும் தட்டுல மூடி வெச்சிருந்துச்சு. அவளால முடிஞ்சத செஞ்சிருக்கா. குழாயடியில எனக்கு முன்னால நின்னு சண்டை போட்ட பொம்பளைதான் அவிய. மொகம் நல்லாத் தெரியுது. பேரு வரல. எவ்வளவு முக்கியும் வரல.

பக்கத்துல உக்காந்தேன். "உங்க பேரு எனக்கு வர மாட்டேங்குது. நீங்களே சொல்லுங்க"ன்னேன்.

என்னைய ரொம்ப நேரம் பாத்தாவ. "எனக்கும் தெரியலயே"ன்னாவ. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் சிரிச்சதப் பாத்து அவியளும் சிரிச்சாவ. பல்லு இல்லாத வாய் நெறையச் சிரிப்பு. முத்துலட்சுமி வாசப்படியில உக்காந்து முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுதா. நான் அவியளோட கையப் பிடிச்சேன். உள்ளங்கை சில்லுன்னு இருந்துச்சு. விடல அவிய, நானும் விடல. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம்னு தெரியாது.

அப்பதான் கீழ கல்லியில இவிய சத்தம் கேட்டுச்சு. தண்ணிக்குப் போனவளக் காணோம்னு கதறிக்கிட்டே ஒவ்வொரு வாசலா வாராவ. "பேச்சியப் பாத்தியளா? யாராவது பேச்சியப் பாத்தியளா?"

முத்துலட்சுமி எந்திரிச்சா. கல்லியில எல்லாரும் வெளிய வந்து நிக்காவ. அவ ஒரு நிமிஷம் என்னையப் பாத்தா, அவ அத்தையப் பாத்தா. பெறவு கம்பியப் பிடிச்சுக்கிட்டு, கல்லி முழுக்கக் கேக்குற மாதிரி கத்துனா.

"இங்கதான் இருக்காவ மாமா. எங்க அத்தைகூட!"